வயிற்று டயாலிசிஸ்: களைத்தது சவ்வா, அடைத்தது குழாயா?

வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் (சி.ஏ.பி.டி.) செய்பவர்களும் அவர்களைப் பார்ப்பவர்களும் எழுதிய கடிதங்களில் முக்கால்வாசி ஒரே முறைப்பாடுதான்: "முந்தி வந்த அளவு இப்ப வருகுதில்லை." அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பைகளின் நிறங்களைக் கடிதங்களில் உள்ளபடியே வைத்திருக்கிறோம்: மஞ்சள் 1.5 வீதம், பச்சை 2.5 வீதம், செம்மஞ்சள் 4.25 வீதக் குளுக்கோசு.

கேள்வி: அப்பா 5 வருடமாகச் சி.ஏ.பி.டி. செய்கிறார். தொடக்கத்தில் மஞ்சள் பை 2 லீற்றர் விட்டால் 2300 மி.லீ. வெளியே வரும். இப்போது பச்சைப் பை போட்டும் 2050தான். இரவுப் பை 1700க்கு இறங்கிவிட்டது. சவ்வு பழுதாகிவிட்டது, இனி மெஷின்தான் என்று அயலுக்குள் கதைக்கிறார்கள். உண்மையா? (வாசகி, கொக்குவில்)

அயலின் தீர்ப்பு கொஞ்சம் அவசரப்பட்டது. தண்ணீர் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தராசை, பிறகு குழாயை. சவ்வின் முறை, அதாவது வயிற்றறையின் உட்புறத்தை மூடி வடிகட்டியாக வேலை செய்யும் மெல்லிய படையின் முறை, அதற்குப் பிறகுதான்.

தராசில் தொடங்குங்கள். 2 லீற்றர் என்று எழுதிய பையில் சரியாக 2000 மி.லீ. இருக்காது. குழாயைக் கழுவிவிடுவதற்காக நூறு மி.லீ. அளவில் கூடுதலாக விட்டிருப்பார்கள். முன்பு பை மாற்றியவர் அந்தக் கழுவிய நீரையும் சேர்த்து நிறுத்திருந்தால், கொப்பியில் உள்ள பழைய 2300இல் ஒரு பங்கு வெறும் கணக்குத்தான். ஒருநாள் நான்கு முறை மாற்றினால் இந்தப் பிழை அரை லீற்றர் வரை போகும். புதுப் பையை மாட்டுமுன் ஒருமுறை நிறுங்கள். வெளிவந்த பையை அதே தராசில் நிறுங்கள். பிளாஸ்ரிக்கின் நிறையையும் கழுவிய நீரையும் கழித்து எழுதுங்கள். ஒரு கிழமை அப்படிச் செய்த பிறகு வரும் இலக்கத்தைத்தான் நம்பலாம்.

அடுத்தது குழாய். திரவம் வெளியேற எத்தனை நிமிடம் பிடிக்கிறது? 15, 20 நிமிடத்தில் தடையில்லாமல் வந்து முடிந்தும் அளவு குறைவென்றால் குழாயில் பெரிய குற்றம் இல்லை. 40 நிமிடமாகியும் சொட்டுச் சொட்டாக வருகிறது, பக்கம் திரும்பிப் படுத்தால்தான் வருகிறது என்றால் கதீற்றரின் (வயிற்றுக்குள் வைத்த குழாயின்) நுனி இடுப்புக்குழியை விட்டு மேலே ஏறியிருக்கலாம், அல்லது வெள்ளை நூல் போன்ற பைபிரின் அடைத்திருக்கலாம். இவை இரண்டையும் விட அடிக்கடி காண்பது மலச்சிக்கல். நிரம்பிய குடல் கதீற்றரை நெரித்துவிடும். நாளுக்கு ஒரு தடவையாவது இளக்கமாக மலம் போக வேண்டும். வைத்தியர் தந்த லக்ருலோஸ் பாணியை "இண்டைக்குத் தேவையில்லை" என்று வைத்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிற பிழை. கிளினிக்கில் இதைச் சோதிப்பது சுலபம்: 2 லீற்றரை விட்டு உடனேயே எடுப்பார்கள். விட்டது முழுவதும் தடங்கலின்றித் திரும்பினால் குழாய் தப்பியது. சந்தேகம் இருந்தால் வயிற்று எக்ஸ்ரே ஒன்றில் நுனி எங்கே நிற்கிறதென்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, கசிவு. விதைப்பை வீங்குதல், வயிற்றின் ஒரு பக்கத் தோல் மட்டும் தடித்தல், திரவம் விட்ட பிறகு மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் திரவம் வேறு இடத்துக்குப் போகிறது என்று பொருள். மூச்சு முட்டினால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இவை எல்லாம் சரியென்றால்தான் சவ்வு. உங்கள் கடிதத்தில் அந்தப் பக்கம் சாயும் அடையாளங்கள் இரண்டு உண்டு. குறைவு சில நாட்களில் அல்லாமல் வருடக் கணக்கில் வந்திருக்கிறது. நீண்ட இரவுப் பைதான் கூடுதலாக அடிவாங்கியிருக்கிறது. திரவம் வயிற்றுக்குள் இருக்கும்போது இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது: குளுக்கோசு உடலிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது, அதேவேளை வயிற்றறையிலிருந்து நிமிடத்துக்கு 1 முதல் 2 மி.லீ. வரை உடல் திரும்ப உறிஞ்சுகிறது. குளுக்கோசு தீர்ந்ததும் இழுவை நின்றுவிடும், உறிஞ்சல் நிற்காது. 10 மணித்தியாலம் வயிற்றில் கிடந்தால் 600 மி.லீ.க்கு மேல் திரும்பப் போய்விடும். 2000 விட்டு 1700 வந்ததன் கணக்கு இதுதான்.

மெஷின் என்றால் எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று. இரவில் தானாகவே பல தடவை வயிற்றுத் திரவத்தை மாற்றும் ஏ.பி.டி. மெஷின் வேறொன்று. குளுக்கோசு சீக்கிரம் தீரும் சவ்வுக்கு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல விடை. அந்த மெஷின் கைக்கெட்டாவிட்டால் கடைசிப் பையை இரவு 11 மணிக்குத் தள்ளி, காலைப் பையை 6 மணிக்கு முந்தவைத்து நீண்ட நேரத்தைச் சுருக்கலாம். பகலில் மூன்று பைகள் 5, 6 மணித்தியாலமாகச் சற்றுச் சமப்படும். நேரத்தை மாற்றுமுன் உங்கள் பிரிவில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பி.ஈ.ரி. பரிசோதனை அறிக்கையில் 0.78 என்று போட்டு "கூடிய சராசரி" என்று எழுதியிருக்கிறது. கூட என்றால் நல்லதுதானே? (வாசகர், சாவகச்சேரி)

பெயர்தான் ஏமாற்றுகிறது. சவ்வு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அளக்க 1987இல் துவார்டோவ்ஸ்கி குழுவினர் வகுத்த சோதனை இது. முதல்நாள் இரவு விட்ட திரவத்தை 20 நிமிடம் முழுதாக வெளியேற்றுவார்கள். 2.5 வீதத் திரவம் 2 லீற்றரை 10 நிமிடத்தில் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு 400 மி.லீ.க்கும் நோயாளி பக்கம் பக்கமாகப் புரள வேண்டும். விட்டவுடனும், 2ஆம், 4ஆம் மணித்தியாலத்திலும் திரவ மாதிரி எடுப்பார்கள். 2ஆம் மணித்தியாலத்தில் இரத்தமும் எடுப்பார்கள். திரவத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை இரத்தத்தில் உள்ளதால் பிரித்தால் வரும் விகிதம்தான் அந்த இலக்கம். இரத்தத்தில் 900 மைக்ரோமோல், 4 மணித்தியாலத்தின் பின் திரவத்தில் 700 என்றால் 0.78.

0.81க்கு மேல் வேகமான சவ்வு, 0.65 முதல் 0.81 வரை கூடிய சராசரி, 0.50 முதல் 0.65 வரை குறைந்த சராசரி, 0.50க்குக் கீழே மெதுவானது. வேகமான சவ்வில் கழிவு சீக்கிரம் வெளியே வரும், உண்மைதான். அதே ஓட்டைகளால் குளுக்கோசும் சீக்கிரம் உடலுக்குள் போய்விடும். கழிவு போகிறது, தண்ணீர் தங்குகிறது. காலம் செல்லச் செல்ல வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டுவது இந்தத் தண்ணீர்தான்.

ஒரே ஒரு 0.78ஐ வைத்து நல்லது கெட்டது சொல்ல இயலாது. டயாலிசிஸ் தொடங்கிய 6 முதல் 12 கிழமைக்குள் எடுத்த முதல் அறிக்கை எங்கே? அப்போதும் 0.76 என்றால் இது உங்கள் பிறவிச் சவ்வு. சிலருக்கு முதல் நாளிலிருந்தே இப்படித்தான். அன்று 0.60 இருந்து இன்று 0.78 என்றால் சவ்வு மாறிக்கொண்டிருக்கிறது. முதல் அறிக்கையைத் தொலைத்துவிடாதீர்கள். பிரதி ஒன்றைக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிவையுங்கள்.

இன்னொரு விதமும் உண்டு. 4.25 வீதத் திரவத்தை விட்டு 4 மணித்தியாலத்தில் எடுக்கும்போது, விட்டதைவிட 400 மி.லீ.கூடக் கூடுதலாக வராவிட்டால் தண்ணீர் எடுக்கும் திறன் போதாது என்று கொள்வார்கள். அதே சோதனையில் முதல் மணித்தியாலத்தில் திரவத்தின் சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: சவ்வுக்குள் உண்மையில் என்னதான் மாறுகிறது? (உயர்தர உயிரியல் மாணவி, நெல்லியடி)

பாடப்புத்தகத்தில் சுற்றுவிரி என்று படித்திருப்பீர்கள். மேலே ஒற்றைப் படை இடைத்தோல் கலங்கள், கீழே மெல்லிய தொடுப்பிழையம், அதற்குள் மயிர்க்குழாய்கள். வடிகட்டும் வேலை பெரும்பாலும் மயிர்க்குழாய்ச் சுவரில் நடக்கிறது. அங்கே மூன்று அளவு வழிகள் உண்டு. யூரியா, கிரியாட்டினின், குளுக்கோசு, சோடியம் எல்லாம் போகும் சிறு துளைகள். எண்ணிக்கையில் மிகக் குறைந்த, புரதம் ஒழுகும் பெருந்துளைகள். தண்ணீர் மூலக்கூறை மட்டும் விடும் அக்குவாபோரின்-1. குளுக்கோசின் பிரசாரண இழுவையால் வரும் தண்ணீரில் ஏறத்தாழப் பாதி, தொடக்க மணித்தியாலங்களில், இந்த அக்குவாபோரின் வழியே சோடியம் இல்லாமல் வருகிறது. அதனால் முதல் மணித்தியாலத்தில் திரவத்தின் சோடியம் 132இலிருந்து இறங்க வேண்டும். இறக்கம் 5 மில்லிமோலுக்குள் நின்றுவிட்டால் தண்ணீர் வழி மந்தமாகிவிட்டது என்று அறியலாம்.

இனி மாற்றம். நாள்தோறும் செறிந்த குளுக்கோசு, திரவத்தின் அமிலத்தன்மை, வெப்பத்தால் கிருமி நீக்கும்போது குளுக்கோசு உடைந்து உண்டாகும் வேதிப்பொருள்கள், இடையிடையே கிருமித் தொற்று. இத்தனைக்கும் முகம் கொடுக்கும் இடைத்தோல் கலங்கள் உதிர்கின்றன. சில நார்க் கலங்களைப்போல் உருமாறி உள்ளே இறங்குகின்றன. புதுக் குருதிக் கலன்களை முளைக்கவைக்கும் காரணிகளும் நார் படியவைக்கும் காரணிகளும் சுரக்கின்றன. சிறுநீரகச் செயலிழப்பே இதைத் தொடக்கிவிடுகிறது. டயாலிசிஸ் தொடர்ந்து நடத்துகிறது. 2002இல் வெளியான திசு ஆய்வொன்றில் இடைத்தோலுக்குக் கீழுள்ள நார்ப்படையின் தடிப்பு, நலமானவர்களில் 50 மைக்ரோமீற்றர் அளவிலும் வயிற்று டயாலிசிஸ் செய்தவர்களில் 270 அளவிலும் இருந்தது.

எங்கள் ஊர்த் தோட்டத்து வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். வரம்பில் நண்டு துளை போட்டால் இறைத்த தண்ணீர் வழியிலேயே ஒழுகி, கடைசிப் பாத்திக்கு எட்டாது. புதுக் கலன்கள் கூடுவது அப்படி: குளுக்கோசு ஒழுகி இழுவை தீர்ந்துவிடும். இதற்குக் குறுகிய நேரப் பை உதவும். வாய்க்காலே சேறடைந்து தடித்துப்போனால் எவ்வளவு இறைத்தாலும் ஓட்டமில்லை. நார் தடிப்பது அது: குளுக்கோசு இருந்தும் தண்ணீர் அசையாது. குறுகிய நேரப் பை அங்கே பெரிதாகக் கைகொடுக்காது. அக்குவாபோரின் வழி எத்தனை என்பதில் பிறவி வேறுபாடும் உண்டு. அந்தப் பரம்பரை அலகின் ஒரு மாற்றுவடிவம் உள்ளவர்களுக்குத் தண்ணீர் குறைவாக வருவதை 2021இல் காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: செம்மஞ்சள் பை போட்டால் கால் வீக்கம் ஒரே நாளில் வற்றுகிறது. தினமும் ஒன்று போட்டால் என்ன? (வாசகர், ஊர்காவற்றுறை)

வற்றும். வீக்கம் கூடி மூச்சு இழுக்கிற அன்றைக்கு அதுதான் மருந்து. அப்போது தயங்கவும் வேண்டாம். தினசரிப் பழக்கமாக்கினால் சவ்வை முதலில் கெடுப்பதும் அதுவே. 2 லீற்றர் செம்மஞ்சளில் 85 கிராம் குளுக்கோசு. மஞ்சளில் 30, பச்சையில் 50. இதில் 60, 70 வீதம் உடலுக்குள் போகும். ஒரு செம்மஞ்சள் பை என்பது 50 முதல் 60 கிராம் சீனி, தேக்கரண்டிக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு. பிளேன்ரீக்குச் சீனி போடாமல் தவிர்த்துவிட்டு வயிற்றுக்குள் இத்தனை விடுகிறோம். சலரோகக்காரருக்கு இன்சுலின் அளவும் அதோடு ஏறும். சீனி கூடக் கூடச் சவ்வு வேகமாகும்; வேகமாகக் கூடுதல் சீனி தேவைப்படும்.

அந்தச் சுற்றை உடைக்கும் இடம் உப்பு. 8 கிராமுக்குச் சற்று மேற்பட்ட உப்பு உடலில் ஒரு லீற்றர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் அளந்து குடி என்பது நோயாளியை வதைப்பதே தவிர வேறில்லை. உப்பு தாகத்தைக் கொண்டுவரும், தாகம் குடிக்கவைக்கும். நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டி, சமையலில் போடுவதும் கறிச்சரக்கில் இருப்பதும் எல்லாம் சேர்த்து. தீவுப்பகுதி வீடுகளில் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்பது தெரியும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், மிக்சர், பக்கற் சூப் ஆகியவற்றைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மீன் புதிதாகக் கிடைக்கும் ஊரில் பச்சை மீனைத் தேசிக்காய், மிளகு, உள்ளி போட்டுச் சமைக்கலாமே. "குறைந்த சோடியம்" என்று விற்கும் மாற்று உப்பில் பொற்றாசியம் இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள்.

சிறுநீர் இன்னும் போகிறதா? நாளுக்கு 300, 400 மி.லீ. போனாலும் அது ஒரு பலமான பைக்குச் சமானம். அதைக் காப்பாற்றுங்கள். மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக், இபுபுரோபென் அதைக் கெடுக்கும். வைத்தியர் சிறுநீரைக் கூட்டும் பியூரோசமைட் தந்தால் சிறுநீர் போகும்வரை அது வேலை செய்யும்.

கேள்வி: அம்மாவுக்கு நீண்ட நேரப் பைக்கு ஐகோடெக்ஸ்ரின் எழுதியிருக்கிறார்கள். சலரோகமும் உண்டு. கவனிக்க ஏதும்? (வாசகி, மானிப்பாய்)

மிக முக்கியமாக ஒன்று. ஐகோடெக்ஸ்ரின் 7.5 வீதம், மாப்பொருளிலிருந்து எடுத்த பெரிய மூலக்கூறு. சவ்வைக் கடந்து மெதுவாகவே போவதால் 8 முதல் 16 மணித்தியாலம் வரை இழுவை நிற்கும்; வேகமான சவ்வுக்கு நல்ல பொருத்தம். நாளுக்கு ஒரு பை மட்டும். ஆனால் அது உடலில் உடைந்து மோல்ற்றோசாக மாறும். சில வகைக் குளுக்கோமீற்றர் கீற்றுகள் மோல்ற்றோசையும் குளுக்கோசென்று எண்ணி, உண்மையில் 60 இருக்கும்போது 160 என்று காட்டிவிடலாம். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் உயிராபத்து. கீற்றுப் பெட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டி "மோல்ற்றோசு குழப்பாத வகையா?" என்று கேளுங்கள். பையை நிறுத்திய பின்னும் இரண்டு கிழமை இந்தக் கவனம் வேண்டும். வேறு வைத்தியசாலையில் அனுமதித்தால் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒன்றரை வருடத்தில் இரண்டு தடவை கிருமித் தொற்று. இரண்டாவதற்குப் பிறகு தண்ணீர் குறைந்துவிட்டது. திரும்ப வருமா? எங்களுக்குப் படகில் வந்துதான் யாழ்ப்பாணம் சேரவேண்டும். (வாசகர், நெடுந்தீவு)

பெரும்பாலும் வரும். தொற்று நேரத்தில் சவ்வின் கலன்கள் விரிந்து குளுக்கோசு வேகமாக ஒழுகும். தொற்று அடங்கியதும் சில கிழமைகளில் சரியாகும். அதனால்தான் தொற்று மாறி ஒரு மாதம் கழியாமல் பி.ஈ.ரி. செய்ய மாட்டார்கள். அந்த நாட்களில் வீக்கம் கூடும், சீனி ஏறும், புரதமும் வழக்கத்தைவிட அதிகம் போகும். கடும் தொற்றும் பிந்திய மருந்தும்தான் நிரந்தர வடுவை விடுகின்றன. ஆகவே மணித்தியாலம் முக்கியம்.

வெளிவந்த பையை எழுத்துள்ள தாள் ஒன்றின்மேல் வையுங்கள். எழுத்து வாசிக்க முடியாவிட்டால் கலங்கல். நோவு இல்லாவிட்டாலும் அதைத் தொற்றென்றே எண்ணுங்கள். பையை ஊற்றிவிடாதீர்கள், இறுக்கி அடைத்து, நேரம் எழுதிக் கூடவே கொண்டுவாருங்கள், தாமதமென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆய்வுகூடத்தில் மைக்ரோலீற்றருக்கு 100க்கு மேல் வெண்குருதிக் கலங்களும் அவற்றில் பாதிக்கு மேல் நியூத்திரோபில் என்ற வகையும் இருந்தால் தொற்று உறுதி; மருந்தை நேரே பைக்குள் கலந்து விடுவார்கள். படகு போய்விட்டதென்றால் விடியும்வரை காத்திருக்காமல் உங்கள் டயாலிசிஸ் பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள். பிரதேச வைத்தியசாலையில் முதல் மருந்தைத் தொடங்க அவர்கள் வழி சொல்லலாம். காற்றுக் கடல் காலத்தில் என்ன செய்வதென்று இப்போதே பேசி, இலக்கத்தைச் சுவரில் எழுதிவையுங்கள்.

18 மாதத்தில் இரண்டு என்பது கூடுதல், வருடத்துக்கு 0.4க்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவு. பை மாற்றும் முறையைத் தாதியின் முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள். காற்றாடியை நிறுத்துவது, முகக்கவசம், கை கழுவி நன்றாகத் துடைத்து உலர்த்துவது என்பவற்றில் எங்கோ ஒன்று நழுவியிருக்கும். கிணற்று நீரில் கழுவினால் ஈரம் உலர்ந்த பிறகு அற்ககோல் திரவம் தடவுங்கள். கேணியிலும் கடலிலும் இறங்கிக் குளிப்பது வேண்டாம், கீரிமலையானாலும்.

கேள்வி: தகரக் கூரை அறையில் பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம். பையை வெயிலில் வைத்துச் சூடாக்கலாமா? (வாசகர், வட்டுக்கோட்டை)

வேண்டாம், இரண்டும். வெப்பத்தில் கிடக்கும் திரவத்தில் குளுக்கோசின் உடைவுப் பொருள்கள் கூடுகின்றன. அவைதான் சவ்வை உரசும் சாமான்கள். 25 பாகைக்கு அண்மையில் உள்ள அறை நல்லது. யாழ்ப்பாணச் சித்திரை வெயிலில் அது முடியாத காரியம். ஓட்டு வீட்டின் நடு அறையில், நிலத்தில் வைக்காமல் பலகையில், முந்தி வந்த பெட்டி முந்தி முடியும்படி அடுக்கினால் போதும். சூடாக்க உலர்ந்த வெப்பத் தட்டு பாவியுங்கள், 37 பாகை வரை. சுடுநீரில் அமிழ்த்தினால் பொருத்துவாயில் ஈரம் தங்கிக் கிருமி ஏறும். மைக்ரோவேவில் ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்து கிடக்கும்.

கேள்வி: 7 வருடம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் போனால் குடல் இறுகிப்போகும் என்று இணையத்தில் பார்த்துப் பயந்துவிட்டோம். (வாசகி, பருத்தித்துறை)

நீங்கள் பார்த்தது சுற்றுவிரி இறுகிக் குடலைக் கூடுபோல் மூடும் நோய். அரிது, ஆனால் உண்மை. வருடம் கூடக் கூட அபாயம் கூடும். இத்தனையாம் வருடத்தில் நிறுத்து என்று ஒரு வெட்டுக்கோடு கிடையாது. பத்து வருடம் தாண்டி நன்றாக இருப்பவர்களும் உண்டு. பார்க்க வேண்டிய அறிகுறிகள்: காரணமில்லாமல் நிறை குறைதல், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்புதல், திரும்பத் திரும்பச் சத்தி, வயிற்றுப் பிடிப்பு, வெளிவரும் திரவத்தில் இரத்தச் சாயல். சவ்வு வேகமாகிக்கொண்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டும் போகும்போது இவையும் சேர்ந்தால் சி.ரி. ஸ்கான் கேளுங்கள்.

பலர் அறியாத ஒன்று: வயிற்று டயாலிசிஸை நிறுத்தி இரத்த டயாலிசிஸுக்கு மாறிய பின்போ, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை முடிந்த பின்போதான் இந்நோய் பலருக்குத் தலைகாட்டுகிறது. "குழாயை எடுத்தாயிற்று, கதை முடிந்தது" என்று இருக்கக்கூடாது. பின்னாளில் வயிற்று நோவுக்கு எந்த வைத்தியரிடம் போனாலும் 7 வருடம் வயிற்று டயாலிசிஸ் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கலாமா? (வாசகி, நல்லூர்)

திரவத்தோடு நாளுக்கு 5 முதல் 10 கிராம் புரதம் வெளியே போகிறது, வேகமான சவ்வில் இன்னும் கூட. நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் உண்ண வேண்டியவர் நீங்கள். 50 கிலோ என்றால் நாளுக்கு 50 முதல் 60 கிராம். ஆறு நாள் இளநீரும் பழமும் மட்டும் என்றால் புரதம் இறங்கும், பொற்றாசியம் ஏறும். ஒருநேர மரக்கறிச் சாப்பாட்டு விரதமாக வைத்து, அந்த நேரத்தில் பருப்பு, சோயா, தயிர் என்பவற்றை உங்கள் உணவு ஆலோசகர் சொன்ன அளவில் சேருங்கள். இன்சுலின் போடுபவரென்றால் அளவை முதலிலேயே மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாவிட்டாலும் பையிலிருந்து சீனி போய்க்கொண்டிருக்கும் என்பதால் தானாக நிறுத்திவிட வேண்டாம். பை மாற்றும் நேரம் சூரசம்ஹாரத்தோடு மோதினால் ஒரு மணித்தியாலம் முந்தியே மாற்றிவிட்டுப் போங்கள்.